தாத்தாவோடு போன சேவல்

கோழியின் இறக்கைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு சூடு இருக்கும். காய்ச்சல் கண்ட குழந்தையின் கழுத்தடியில் கை வைத்த மாதிரி, ஈரமில்லாமல், உள்ளே ஏதோ படபடவென்று அடித்துக்கொள்கிற சூடு. நான்காம் வகுப்பு படித்த நாட்களில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த எங்கள் தாத்தா வீட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், புத்தகப் பையைக்கூட இறக்காமல் பின்பக்கம் ஓடி நான் முதலில் தேடியது அந்தச் சூட்டைத்தான். அந்தச் சேவலைப் பற்றி யாரிடமும் நான் முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தாலே கேட்பவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள், ஏதோ செல்லப் பிராணிக் கதை என்று நினைத்துக்கொண்டு. இது அந்த மாதிரிக் கதை இல்லை.

தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. கோர்ட்டில் "டவாலி"யாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை உடுப்பும் குறுக்கே சிவப்புப் பட்டையுமாக வராந்தாவில் நின்று, வாதி, பிரதிவாதி, சாட்சி என்று கூண்டில் ஏற வேண்டியவர்கள் பெயரையெல்லாம் மூன்று முறை உரக்கக் கூப்பிடுவதுதான் அவருடைய வேலை. மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வரவில்லை என்றால் வராதவர் என்று எழுதிவிடுவார்களாம். வேலையை விட்டு வந்தும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் அப்பா பெயரோடு சேர்த்து முழுப்பெயரையும் மூன்று முறை, தெருமுனை வரை கேட்கிற மாதிரி கூப்பிடுவார். முதல் கூப்பாட்டிலேயே நான் எதிரில் போய் நின்றாலும் மிச்சம் இரண்டையும் முடித்துவிட்டுத்தான் தட்டை என் பக்கம் நகர்த்துவார். அம்மா தலையில் அடித்துக்கொண்டே சோறு போடுவாள்.

இவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தனியாக இருப்பது மட்டும் ஆகவே ஆகாது. பாட்டி நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சென்னையில் வேலைக்குப் போய்விட்டார். நாள் முழுக்க ஜனக்கூட்டத்துக்கு நடுவில் நின்று பழகியவருக்கு வெறும் வீடு பயமாக இருந்திருக்க வேண்டும். அதனால்தான் அப்பா சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலையாக இருந்தும், நானும் அம்மாவும் கடலூரில் தாத்தாவோடு இருந்தோம். அப்பா வாரம் ஒருநாள் பஸ் பிடித்து வந்து போவார். தபால்காரர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், தப்பான விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தவர் என்று யாரையும் தாத்தா சும்மா விடமாட்டார். ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று இழுத்து உட்காரவைத்துவிடுவார். அவர்கள் நெளிவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

பின்பக்கம் கிணற்றடியைத் தாண்டித் தகரக் கதவு போட்ட குளியலறை ஒன்று இருந்தது. சாயங்காலம் தாத்தா குளிக்கப் போனால் வெளியே நான் நிற்க வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் குரல் வரும்.

"பாப்பா, அங்கதான இருக்க?"

"இருக்கேன் தாத்தா."

ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்வார். மறுபடியும் கேட்பார். நான் மறுபடியும் சொல்வேன். கோர்ட்டையே நடுங்கவைத்த குரல் அந்தத் தகரக் கதவுக்குப் பின்னால் சின்னப் பிள்ளையின் குரலாகிவிடும். ஒருநாள் விளையாட்டுக்குப் பதில் சொல்லாமல் இருந்து பார்க்கலாமா என்று தோன்றியது. அவர் இரண்டாம் முறை கேட்ட தினுசில் எனக்கே பாவமாகிவிட, அவசரமாகப் பதில் சொல்லிவிட்டேன்.

சேவல் வந்தது சிதம்பரத்திலிருந்து. தேர் பார்க்கப் போன இடத்தில், வீதி ஓரமாக ஒருவர் அட்டைப் பெட்டி நிறையச் சாயம் தோய்த்த "கலர் குஞ்சு"களை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். எனக்குத் தேர் மறந்துபோனது. தாத்தா குனிந்து, ரொம்ப நேரம் ஆராய்ந்து, பச்சையில் ஒன்றும் ரோஸில் ஒன்றும் எடுத்தார். இரண்டும் பெட்டைதான், மூஞ்சியைப் பார்த்தாலே தெரியவில்லையா, இனிமேல் வீட்டுக்கு முட்டை வாங்கவே வேண்டாம் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். பச்சைக் குஞ்சு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ரோஸ் பிழைத்துக்கொண்டது, சாயம் உதிர்ந்து, வெள்ளை முளைத்து, நெடுநெடுவென்று கால் வளர்ந்தது. முட்டை எப்போது என்று நான் கேட்கும்போதெல்லாம் அடுத்த வாய்தாவுக்குப் பார்க்கலாம் என்பார். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது. வாய்தா, வாய்தா என்று கூப்பிட்டால் ஓடிவரும். ஒரு விடியற்காலையில் அது கிணற்றுமேடையில் ஏறி நின்று அரைகுறைத் தொண்டையில் கூவித் தன்னை யார் என்று காட்டிக்கொண்டபோது, தாத்தா படுக்கையிலிருந்தபடியே கேஸ் தள்ளுபடி என்றார். அம்மா அன்றைக்குச் சிரித்த மாதிரி பிறகு சிரித்து நான் பார்த்ததில்லை.

காற்றடித்துச் சாத்திய பின்கதவில் மாட்டி, வாய்தாவுக்கு இடதுகால் நடுவிரல் பாதி போயிருந்தது. தாத்தாதான் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டு ஆற்றினார். அதிலிருந்து அது அவரை விட்டு நகராது. ஒயர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தால் அடியில் இது உட்கார்ந்துகொள்ளும். அவர் குளிக்கப் போனால் தகரக் கதவுக்கு வெளியே கொக்கொக்கென்று நிற்கும். நீ பள்ளிக்கூடம் போய்விட்டால் இவன்தான் எனக்குப் பதில் சொல்கிறான் என்று தாத்தா என்னிடம் சொன்னார். நான் அதை அப்படியே நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை காலை. பள்ளிக்கூடம் இல்லை. தாத்தா ஒயர் நாற்காலியில் சாய்ந்திருந்தார், பக்கத்து ஸ்டூலில் காபி ஆடை கட்டிப்போயிருந்தது. நாற்காலிக்கு அடியில் வாய்தா. தூங்குகிறார் என்று நினைத்து, அவரைப் போலவே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, அவர் பெயரை அவருடைய அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டேன். விளையாட்டுக்குத்தான். இரண்டாம் முறை கூப்பிட்டபோது அடுப்படியிலிருந்து அம்மா அதட்டினாள். மூன்றாம் முறைக்குள் அம்மா வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஜனம். தாத்தாவுக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வாடகை நாற்காலிகள் வந்தன, சாமியானா வந்தது, மத்தியானத்துக்குள் சென்னையிலிருந்து மாமா வந்துசேர்ந்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். எதிர்வீட்டுப் பெரியம்மாதான் எல்லா முறையும் தெரிந்தவர். அவர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மாமா அம்மாவிடம் சொன்னார். அம்மா கிணற்றடிக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"சனிக்கிழமைல போறவங்க கூட ஒரு கோழிய அனுப்பணுமாம் கண்ணு. தாத்தா தனியா போவக் கூடாது. வாய்தாவ அனுப்பலாமா?"

கடைத்தெருவில் வேறு கோழி வாங்கிக்கொள்ளலாம் என்றும், எனக்கு மனமில்லை என்றால் வேண்டாம் என்றும் அவள் சொன்னாள். நான் கேட்டது ஒன்றுதான். கடைசிவரை கூடவே இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றாள் அம்மா. அப்படியென்றால் வேறு எந்தக் கோழியும் ஆகாது, வாய்தாவுக்குத்தான் பதில் சொல்லத் தெரியும் என்று நானே சொன்னேன். கொடுக்கிறோமே என்று எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. இவ்வளவு பேர் வந்திருக்கிறார்களே, தாத்தாவுக்கு உபயோகமாக ஒரு காரியம் செய்யப்போவது நான் ஒருத்திதான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதை வேறு யாராலும் பிடிக்க முடியாது, நான்தான் பிடித்தேன். உள்ளங்கையில் அரிசி வைத்துத் தின்னக் கொடுத்தேன். இறக்கைக்கு அடியில் விரலை விட்டுக்கொண்டு அதன் காதோரம், தாத்தா கூப்பிட்டால் உடனே குரல் கொடு, மூன்றாவது தடவை வரைக்கும் காக்கவைக்காதே என்று சொல்லிக்கொடுத்தேன். பாடையின் தலைமாட்டு மூங்கிலில் அதைக் கால்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மேளம் முழங்கத் தூக்கிக்கொண்டு போனபோது அது தலையை மட்டும் மேலே வளைத்துத் தெருவையே தலைகீழாகப் பார்த்தது. பெண்கள் எல்லோரும் தெருமுனையோடு நின்றுகொண்டோம். கெடிலம் ஆற்றங்கரைப் பக்கம் அந்தக் கூட்டம் திரும்பி மறையும்வரை மூங்கிலில் ஒரு வெள்ளை அசைந்துகொண்டிருந்தது.

நான் அழவில்லை. மறுநாள் சாம்பலுக்குப் பால் ஊற்றும் "பால்தெளி" அன்றும் அழவில்லை, கருமாதியன்று எல்லோரும் ஒரு மூச்சு அழுதபோதும் அழவில்லை. கல் மாதிரி இருக்கிறாளே, வளர்த்த பாசம் கொஞ்சமாவது வேண்டாமா என்று எதிர்வீட்டுப் பெரியம்மா அம்மாவின் காதுபடவே சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஒன்றும் தெரியாமல் பேசுகிறாரே என்று இருந்தது. இந்நேரம் தாத்தா எங்கேயோ ஒரு கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார், வெளியே வாய்தா கொக்கொக்கென்று நின்றுகொண்டிருக்கும்; இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சாப்பிடாமல் இருந்தால் நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரி பார்ப்பாள், கட்டிக்கொள்வாள்.

கருமாதி முடிந்து மாமாவும் ஊருக்குப் போய்விட்ட பிறகு ஒரு சாயங்காலம், நானும் அம்மாவும் திருப்பாதிரிப்புலியூருக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். யாரையோ இறக்கிவிடுவதற்காக ஆற்றங்கரை ஓரம் ஆட்டோ நின்றது. சுடுகாட்டு மதிலை ஒட்டி ஓர் ஓட்டுவீடு. வாசலில் பாத்திரம் கழுவிய ஈரத்தில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று வெள்ளைச் சேவல், நெடுநெடுவென்ற கால்.

ஊரில் வெள்ளைச் சேவலுக்கா பஞ்சம்? ஆனாலும் நான் வாய்தா என்று கூப்பிட்டேன். அது தலையைத் தூக்கியது. அடுத்த கணம் இறக்கையை விரித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தது, இடதுகால் நடுவிரல் பாதியோடு.

நான் இறங்கி ஓடினேன், அம்மா பின்னாலேயே. அது என் கையைக் கொத்திக் கொத்தி அரிசி தேடியது. உயிரோடு, சூடாக, முன்னைவிடக் கொழுத்து இருந்தது. இதைப் படிக்கிறவர்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும் என்று நினைக்கக்கூடும். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டுக்காரர்தான் சுடுகாட்டில் வேலை பார்ப்பவர் என்று புரிந்தது. பார்த்ததுமே அந்த அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது போல, முகம் வாடிப்போனது.

"கொழந்த வளத்ததா? எங்களுக்குத் தெரியாதும்மா. கூட வச்சி எரிக்கற வழக்கமெல்லாம் இல்ல, அங்க வந்ததும் அவுத்துடுவாங்க. வழக்கமா எங்க கிட்ட குடுத்துட்டுப் போயிடுவாங்க. நீ எடுத்துட்டுப் போ பாப்பா."

நான் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தேன்.

"அப்ப தாத்தா கூட யாரு போனா?"

நான் திரும்பவும் கேட்டேன்.

"யாரும் போவல கண்ணு," என்றாள் அம்மா. "யாராலயும் போவ முடியாது."

காலடியில் வந்த சேவலை நான் உதறித் தள்ளினேன். போ, அவர்கிட்ட போ, எதுக்கு வந்தே என்று கத்தினேன். அது கொஞ்சம் தள்ளி நின்று மறுபடியும் வந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அத்தனை நாளும் வராதது மொத்தமாக வந்தது. தாத்தா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருப்பார், ஒருத்தரும் பதில் சொல்லியிருக்கமாட்டார்கள் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. அம்மா அந்த மண்ணிலேயே உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டு, அவளும் அழுதாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. வண்டியை அணைத்துவிட்டு ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அந்த அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாய்தாவை நாங்கள் எடுத்துவரவில்லை.

அதன்பிறகு நான் தேறினேன் என்று எழுத ஆசைதான். தேறவில்லை. வகுப்பில் டீச்சர் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் அம்மா" என்று சொல்ல வேண்டும். எனக்கு அது வாயில் வராது. என்னைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே வராதவள் என்று போடவேண்டியிருக்கிறது என்று டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு வருத்தப்பட்டார். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியைத் தாண்டிப் போய், சாத்தியிருக்கும் தகரக் கதவுக்கு முன்னால் நின்று, இருக்கேன் தாத்தா என்று சொல்லிக்கொண்டிருப்பேன். கேள்வி இல்லாமல் பதில் மட்டும் சொல்வது எவ்வளவு கொடுமை என்று சொன்னால் யாருக்குப் புரியும்? அம்மா பார்த்தாள், தடுக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டு நான் வந்தபோது, அதே கதவில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். "இருக்கேம்ப்பா, இருக்கேம்ப்பா" என்று அவள் சொல்வது கேட்டது. நான் வந்த சத்தம் காட்டாமல் வாசலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வருஷப் பரீட்சை முடிந்ததும் வீட்டை மாமா விற்க, நாங்கள் சிதம்பரத்துக்கே வந்துவிட்டோம். அன்று கிணற்றடியில் அம்மா சொன்னது பாதிதான் என்பது பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமையில் போகிறவர்கள் தனியாகப் போகமாட்டார்கள், வீட்டிலிருந்து இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பயம். அந்த இன்னொருவருக்குப் பதிலாகத்தான் கோழி. எங்கள் வாய்தா தாத்தாவுக்காகக் கட்டப்படவே இல்லை. தபால்காரரைக்கூடச் சும்மா அனுப்ப மனம் வராத அந்த மனிதரைப் பார்த்து, நாங்கள் பயந்துபோய்ச் செய்த ஏற்பாடு அது. தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சம்பிரதாயம்தானே, இதற்கா இவ்வளவு என்று என் கணவர் கேட்டார், நல்ல மனுஷர்தான். அவருக்குத் தாத்தாவைத் தெரியாது.

இப்போது மஞ்சக்குப்பத்தில் அந்த வீடு இல்லை. கிணற்றை மூடி, மேலே மூன்று மாடியில் ஒரு ஸ்கேன் சென்டர் நிற்கிறது. போன வருஷம் அம்மாவின் முழங்காலுக்காக அங்கேயே போகவேண்டி வந்தது; கம்ப்யூட்டர் குரல் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டது, ஒரே ஒரு முறை. கலர் குஞ்சுகள் மட்டும் சிதம்பரத்தில் தேர் சமயத்தில் இன்றும் வருகின்றன. நான் அந்தப் பக்கம் நடப்பதில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போனார். பாடையெல்லாம் இல்லை, கண்ணாடி வண்டி வந்தது. கோழியை ஏற்ற முடியாது, தகன மேடையில் விடமாட்டார்கள் என்று வண்டிக்காரர் சொல்லிவிட, யாரோ ஒரு முட்டையைத் துணியில் முடிந்து ஓரமாக வைத்தார்கள். அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றாள். வண்டி போனதும் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"எனக்கு சனிக்கிழமையா அமைஞ்சாலும் எதையும் கட்டி அனுப்பாத. அது திரும்பி வந்துடும். நீ தாங்க மாட்ட."

நான் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். துக்க வீட்டுக்குப் போய்வந்ததால் அம்மா குளிக்கப் போனாள். ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து அவள் குளிக்கும்போது நான் வெளியே நிற்பது வழக்கம். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கு நடுவில், தாத்தா கேட்கிற அதே இழுப்போடு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாப்பா, அங்கதான இருக்க?"

இருக்கேம்மா என்றேன். இன்னும் இரண்டு முறை கேட்பாள். நான் அங்கேயே நின்றேன்.